வாசலில் கூடிய நாய்கள்

திண்டிவனம் பக்கம் பிரம்மதேசம் எங்கள் ஊர். என் கணவர் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது, தெருநாய்கள் எங்கள் வாசலில் கூடி ஊளையிட ஆரம்பித்தன. விரட்டினாலும் திரும்பி வந்தன. எங்கள் நாய் ராணிக்குக் கருத்தடை ஆபரேஷன் முன்பே ஆகியிருந்ததால், அவள்தான் காரணமாக இருப்பாள் என்று நாங்கள் நினைக்கவே இல்லை.

"நாய் சும்மா ஊளையிடாதுடி. முகையூர்ல இருக்கிற உங்க அண்ணன வரச்சொல்லு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. ஆள் அனுப்பினேன். அது காதில் விழுந்ததும் இவர் கஞ்சியைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

வந்த அண்ணன், நாய்கள் ராணியையே முகர்ந்து சுற்றுவதைக் கவனித்தார். அவளுக்குப் பின்புறம் வீங்கி, ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"நாய் பருவத்துக்கு வந்துக்கினு இருக்குது. நீ மாப்பிள்ளைக்கு நாள் குறிச்சிக்கினு இருக்கியா?" என்று கத்தினார்.

ராணியைத் திண்டிவனம் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "சினைப்பையோட துணுக்கு ஏதாவது உள்ள தங்கிட்டா ஆபரேஷனுக்கு அப்புறமும் இப்படி வரும்ங்க. சீழ் வெச்சா உடனே கொண்டாங்க" என்றார் டாக்டர்.

காரணம் தெரிந்த பிறகு இவர் மறுபடி கஞ்சி குடித்து, பிழைத்துக்கொண்டார். "நாயால நான் பயப்படல. உன் அழுத மூஞ்சியப் பாத்துத்தான் போயிடுவேன்னு நினைச்சேன்" என்றார் பிறகு.

இப்போது நாய்கள் கூடினால் முதலில் ராணியைப் பார்க்கிறேன். நோயாளி இருக்கும் அறைக்குள் முகத்தைக் கழுவிக்கொண்டுதான் நுழைகிறேன்.