செருப்பைக் கழற்ற வைத்த கல்பாலம்

என் ஜவுளிக்கடைக்கு வருகிறவர்களிடம் இதை நான் சொன்னதே இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில், எனக்குக் கல்யாணமான புதிதில் நடந்தது. மூன்று மாதமாகியும் என் மனைவி என் எதிரில் வாய்விட்டுச் சிரித்ததில்லை. நானும் எல்லாம் தெரிந்தவன் போல விறைப்பாகவே இருந்தேன்.

பரமத்தி வேலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, வாய்க்காலின் மேல் இருந்த பழைய கல்பாலத்தைக் காட்ட அவளைக் கூட்டிப்போனேன். பாலத்தில் ஏறுமுன் ஊர்க்காரர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள்.

"சக்தியுள்ள எடம், நல்லாக் கும்புட்டுக்க" என்று அவளிடம் சொல்லிவிட்டு, பட்டு வேட்டியோடு நடுப்பாலத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

வெற்றிலைக் கூடையோடு வந்த ஓர் அம்மாள் பதறிவிட்டார். "ஏனுங்க, தலை சுத்திருச்சுங்களா?"

"சாமி கும்புடறேனுங்க."

"இங்க ஏதுங்க சாமி? அக்கரைல எங்க வெத்தலக் கொடிக்காலுங்க. அதுக்குள்ள செருப்புக் காலோட போகமாட்டோமுங்க. அதான் இங்கயே உட்டுட்டுப் போறோம்."

எழுந்தேன். வேட்டியெல்லாம் மாட்டுச் சாணம். மனைவியைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. அவளோ கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்க முடியாமல் நானும் சிரித்தேன். அந்த அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

அன்றோடு என் விறைப்பு போயிற்று. ஆனால் அந்த இடத்தில் சாமி இல்லை என்று அந்த அம்மாள் சொன்னதை மட்டும் நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.