சொல்லிக்கொள்ளாமல் வந்த நாள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருடம் தள்ளிப்போட்டேன். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள், நமக்கெதற்கு எழுத்து என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. நான் செய்த முட்டாள்தனத்தை என் கையாலேயே எழுத வெட்கமாக இருந்தது. போன கிருத்திகைக்குக் குன்றத்தூர் முருகன் முன்னால் நின்றபோது, இனியும் மறைத்தால் அவனுக்கே பொறுக்காது என்று தோன்றியது. எழுதுகிறேன்.

தீராத நோயில் படுத்திருப்பவர்கள் வீட்டுக்குப் போய்த் துணைக்கு உட்கார்ந்திருப்பது என் வழக்கம். மருந்து, ஊசியெல்லாம் ஸ்கூட்டரில் வரும் நர்ஸ் சிஸ்டர் பார்த்துக்கொள்வார். பேசினால் கேட்பதும், வீட்டு மனிதர்கள் கொஞ்சம் வெளியே போய்வர வழிவிடுவதும்தான் என் வேலை. எங்களைத் தன்னார்வலர் என்பார்கள்.

"அப்டின்னா இன்னாக்கா? சம்பளம் இல்லாத கான்ட்ராக்ட்டா?" என்று முதல் நாளே கேட்டாள், நான் அப்படித் துணைக்குப் போன ஒரு பெண்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையை ஒட்டி ஒரு லைன் வீட்டில் இருந்தாள். நாற்பது வயதுகூட இல்லை. வயிற்றில் புற்றுநோய். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அது அவளுக்கும் தெரியும், அவள் வீட்டுக்காரருக்கும் தெரியும். நான் அவள் நெற்றியில் விபூதி வைத்தால், "வாய்லயும் கொஞ்சம் போடுக்கா, சோறுதான் எறங்க மாட்டேங்குது" என்பாள்.

வீட்டுக்காரருக்குக் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதமாக லீவில் இருந்தார். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அவர் போயே ஆக வேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம். அவருக்குத்தான் கால் எழவில்லை. நானும் எங்கள் குழுவில் இன்னொருத்தியும் முறை வைத்துப் பகலில் இருப்பதாகச் சொன்னதும், அரைமனதாகத் தலையாட்டினார்.

அந்த மாதம் எனக்கு வரிசையாக மூன்று சாவு வீடு. அங்கே கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லக்கூடாதே, சத்தமில்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும். கால் அதற்கே பழகிவிட்டதோ என்னவோ, அந்த வியாழக்கிழமை அவள் வீட்டிலும் நேரமானதும் எழுந்தேன், செருப்பை மாட்டினேன், ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டேன். அதோடு விட்டேனா? என் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு, குளிக்கத் தண்ணீர் எடுத்து வைக்கச் சொல்லி மருமகளைக் கூப்பிட்டேன்.

"இன்னிக்கு யாரு அத்த செத்தது?" என்றாள் மருமகள்.

அப்போதுதான் உறைத்தது. முருகா, என்ன காரியம் செய்தேன்!

மறுநாள் காலை சிஸ்டர் போன் செய்தார். "அவரு வேலைக்குப் போவ மாட்டாராம்மா. நீங்க சொல்லிக்காம போனது சகுனம் சரியில்லன்றாரு."

விழுந்தடித்துக்கொண்டு போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அவளோ படுக்கையிலிருந்தே ஆரம்பித்தாள்.

"வாக்கா. நீ பாட்டுக்கு எழுந்து போயிட்ட. நான் இருக்கேனா இல்லையான்னு எனக்கே டவுட்டாயி, கையைக் கிள்ளிப் பாத்துக்கினேன்."

"மன்னிச்சிக்கமா, ஏதோ ஞாபகத்துல…"

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். இப்ப வெளிய போயி சொல்லிக்கினு போ."

வாசல் வரை போய், "போயிட்டு வரேன்" என்றேன். சத்தம் பத்தவில்லையாம். மறுபடி சொன்னேன். ஏதோ கம்பெனிக்குள் நிற்பவள் போல, "மிஷின் ஓடிக்கினு கீது, கேக்கல" என்றாள். மூன்றாவது முறை நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெண் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். அப்போதும் அவர் சிரிக்கவில்லை.

"நான் இல்லாத நேரத்துல எதுனா ஆயிட்டா?" என்றார் மெதுவாக.

"நீ இருந்தா மட்டும்? எமன் வந்தா கேட்டாண்ட நிறுத்தி ஐடி கார்டு கேப்பியா? நீ இன்னா செக்யூரிட்டியா?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "ஒரு மாசமா என் மூஞ்சியவே பாத்துக்கினு கீற. உனக்கும் எங்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, எனக்கும் கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. வேலைக்குப் போனாதானே யாரு யார திட்டினான்னு வந்து சொல்லுவ? போய்யா."

எங்களுக்கு நடந்த பயிற்சியில் இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டதெல்லாம் அந்த ஒரு பேச்சுக்கு முன்னால் ஒன்றுமில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டையை அயர்ன் பண்ண எடுத்தார்.

திங்கட்கிழமை போனார். சொல்லிக்கொண்டு கிளம்பியவர் டிபன் பாக்ஸுக்கு ஒரு தடவை, குடைக்கு ஒரு தடவை திரும்பி வந்தார். வெயிலோ கொளுத்திக்கொண்டிருந்தது. "கம்பெனி பஸ் உனக்காக நிக்காதுய்யா" என்று அவள் விரட்டினாள். சாயங்காலம் வந்து, சூப்பர்வைசர் தன் தலையிலேயே கண்ணாடியை வைத்துக்கொண்டு கம்பெனி மிஷின் லைன் முழுக்கத் தேடிய கதையைச் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

இரண்டு மாதத்துக்கு மேல் இப்படி ஓடியது. தினம் ஒரு கதை.

அவர் பயந்ததுதான் கடைசியில் நடந்தது. ஒரு புதன்கிழமை மதியம், என் முறையில், தூக்கத்திலேயே போய்விட்டாள். வேலை நேரத்தில் போன் வைத்துக்கொள்ளக் கூடாதென்று அவர் போன் கம்பெனி லாக்கரில் இருந்தது. ஆள் மூலம் சேதி போய் அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளருகில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அவரேதான் பேசினார். "நேத்து கேன்டீன்ல நடந்தத சொன்னேன்க்கா. ரெண்டு தடவ சொல்ல வெச்சிக் கேட்டா."

எங்கள் குழுவில் இதை இப்போது வேறு மாதிரி சொல்கிறார்கள். என் வேண்டுதலால்தான் அவர் மனம் மாறினாராம், சரியான நேரத்துக்கு ஓடிவந்து மடியில் தாங்கிக்கொண்டாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முருகன் சாட்சியாக அப்படி நடக்கவில்லை. வீட்டில் நோயாளியை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறோமே என்று உள்ளுக்குள் வேகிறவர்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர். கதையை மாற்றினால், நேரத்துக்கு வந்து சேர முடியாதவர்கள் ஏதோ பாவம் செய்தவர்கள் போல ஆகிவிடும்.

அதனால் யாருக்காவது அனுப்பினால் இப்படியே அனுப்புங்கள். என் கூத்தையும் வெட்ட வேண்டாம். அவர் அப்போது வேலையில் இருந்தார், அனுப்பி வைத்தவள் அவள். அதை மட்டும் யாரும் மாற்றிவிடாதீர்கள்.