மேட்டு லைன் சுவரில் ஒரு வாளி

நேற்று என் மகன் வெள்ளைச் சாஸ் ஊற்றிய பாஸ்தா வேண்டும் என்று அடம்பிடித்தான். செல்போனில் ஒருத்தி செய்துகாட்டுவதைப் பார்த்துக்கொண்டே நானும் மைதாவை வெண்ணெயில் வறுத்து, பாலை ஊற்றிக் கிளறினேன். கொஞ்சம் கண் அசந்ததுதான் தாமதம், அடிப்பிடித்துவிட்டது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை. தென்னந்துடைப்பம் எங்கே என்று தேடத் தோன்றியது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், நான் காய்ச்சியது சாஸ் இல்லை, பசை. எனக்கு ஒழுங்காகக் காய்ச்சத் தெரிந்ததும் அதுதான். மகன் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்திவைத்தான்.

இருபத்திரண்டு வயதில் நான் தேர்தல் போஸ்டர் ஒட்டியிருக்கிறேன் என்று சொன்னால் இப்போது என்னைப் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள். எந்தக் கட்சிக்கும் இல்லை, என் சித்திக்கு. அப்போது எனக்கு அந்தமானில், டாலிகஞ்சில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. ஜெராக்ஸ் எடுப்பதைவிட மனு டைப் அடிப்பதுதான் அதிகம். போர்ட் பிளேரில் யாருக்கு என்ன குறை என்று என்னிடம் கேட்டால் சொல்லிவிடலாம் என்கிற அளவுக்கு ஒரு மிதப்பு இருந்தது எனக்கு. சித்திக்கு அதே தெருவில் தையல் கடை. பெயர் தனலட்சுமி. பரமக்குடியிலிருந்து கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவர். நான்கு நாள் கடலில் வாந்தியெடுத்தும் தைரியம் குறையாமல் இறங்கியவர் என்று சித்தப்பா சொல்வார். அதைப் பெருமையாகச் சொல்கிறாரா பயந்து சொல்கிறாரா என்று தெரியாது.

எங்கள் குடியிருப்பு பக்கத்திலிருந்த பத்துபஸ்தியில், ஒரு சரிவில். சரிவின் அடியில் நாங்கள் இருந்தது கீழ் லைன். நாற்பது படி ஏறினால் மேட்டு லைன். அங்கே பெங்காலி, தெலுங்கு, ராஞ்சிக்காரர், இரண்டு தமிழ்க் குடும்பம் என்று பதினோரு வீடு. தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு முறை வரும். பொதுக்குழாய் மேட்டு லைனில் இருந்தது. அதைக் கீழே இறக்கக் கேட்டு மனு எழுதியவர் சித்தி, டைப் அடித்தவள் நான். சும்மா அடித்திருந்தால் பரவாயில்லை. "மேலே சில வீடுகளே உள்ளன" என்று ஒரு வரியை நானாகவே சேர்த்தேன். மனு அழகாக இருக்கட்டுமே என்றுதான். குழாய் இறங்கியது. கீழ் லைனில் எங்களுக்கு ஏகப்பட்ட மரியாதை. ஆறு மாதம் கழித்து மேட்டு லைன் ராசம்மா அத்தை தண்ணீர் தூக்கிக்கொண்டு படியேறும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

அன்று சித்தி தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனார். அத்தையின் கணவர் வாசலிலேயே நிறுத்தி, பார்க்க வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். பிறகு நகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்கள் வார்டு என்று அறிவிப்பு வந்தது. சித்தி சுயேச்சையாக நிற்கப் போவதாகச் சொன்னார். கிளைக் குழாய் போட்டால் இரண்டு லைனுக்கும் தண்ணீர் வரும், கேட்பதற்கு உள்ளே ஒரு ஆள் வேண்டும் என்பது அவர் கணக்கு. வேறு எந்தக் கொள்கையும் அவரிடம் இல்லை.

"நான் எறக்குன கொழாய நானே ஏத்திக் குடுக்கணும்டி. அதுக்கப்புறந்தான் மத்ததெல்லாம்" என்றார்.

சின்னங்களின் பட்டியலைப் பார்த்து நாங்கள் வாளியைத் தேர்ந்தெடுத்தோம். தமிழ், பெங்காலி, தெலுங்கு எதுவும் படிக்கத் தெரியாதவருக்கும் வாளி தெரியும், எங்கள் பிரச்சினையும் தண்ணீர்தானே என்று என் மூளைதான் முதலில் சொன்னது. இரண்டே நாளில் டாலிகஞ்ச் முழுக்கச் சித்தி "பால்டி தீதி", அதாவது வாளி அக்கா, ஆகிவிட்டார். கப்பல் தாமதமானதால் அச்சகத்தில் வெள்ளைத் தாள் இல்லை. ரோஜா நிறத் தாளில் சித்தி கொஞ்சம் காய்ச்சல் வந்தவர்போல் இருந்தார்.

பசை காய்ச்சியது சித்தப்பா. அவருக்கு அரசாங்க வேலை, பிரச்சாரம் என்று வெளியே தலைகாட்டினால் வேலைக்கே ஆபத்து. அதனால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பனியனோடு நின்று கிளறுவார். மைதா கிளறுவது பிரச்சாரம் ஆகாது என்பது அவர் கட்சி. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் அல்வா என்பார். பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பது வழக்கம். சித்தி கூடாது என்றுவிட்டார். மேட்டு லைனில் ஆடுகள் உண்டு. ஆடு போஸ்டரைத் தின்னும், துத்தம் விஷம். போஸ்டரால் ஒரு ஆடு செத்தால் அந்தப் பக்கம் நாம் தலைவைத்துப் படுக்க முடியாது என்றார்.

தனியார் சுவரில் ஒட்ட வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். படிவத்தை இந்தியிலும் ஆங்கிலத்திலும் நான்தான் டைப் அடித்தேன். மேட்டு லைனில் பத்து வீட்டில் கையெழுத்து மறுத்தார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அது எங்களைவிடக் கூச்ச சுபாவம், ஓரமாகப் போய்ப் படுத்துக்கொண்டது. பதினோராவது வீட்டுச் சொந்தக்காரி கார் நிக்கோபார் தீவில் நர்ஸ். வீட்டைப் பூட்டிப் போட்டிருந்தவர், விடுப்பில் வந்தபோது சித்தியின் கடையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அங்கே குடியிருக்காததால்தான் போட்டார் என்று எங்களுக்குத் தெரியும். அந்த வீட்டின் சுற்றுச்சுவரில் ஆறு போஸ்டர் ஒட்டலாம். அந்த லைனில் எங்களுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான், அதுவும் ராசம்மா அத்தையின் வீட்டுக்கு நேர் எதிரே.

அத்தையின் கணவரை எல்லோரும் கச்சல் மாமா என்பார்கள். இலங்கைத் தோட்டத்திலிருந்து சிறுவயதில் வந்தவர். நிக்கோபார் பக்கம் கச்சல் தீவில் ரப்பர் வெட்டி ஓய்வு பெற்று, சுனாமிக்குப் பிறகு இங்கே வந்து நான்கு ஆடுகளோடு இருந்தார். நாங்கள் ஒட்டும்போது திறந்த வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பகலில்தான் ஒட்ட வேண்டும், ஒளிந்து ஒட்டினால் நாமே தப்பு செய்ததாக ஒப்புக்கொள்கிற மாதிரி என்று சித்தி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதுகில் மாமாவின் பார்வை சுட்டது. எனக்குப் பசை நெளிநெளியாகத்தான் வந்தது.

மறுநாள் காலையில் சுவரில் ரோஜா நிறத் துணுக்குகள் மட்டும். மறுபடி ஒட்டினோம். மறுநாளும் அதேதான். சித்தியின் நெற்றி மட்டும் ஒரு மூலையில் தொங்கியது. எனக்கு வந்த கோபத்தில் நேரே மேட்டு லைன் மளிகைக் கடைக்குப் போனேன். மாமா ஆட்டுக்குத் தவிடு வாங்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் நாலைந்து பெண்கள். ஓட்டுப் போடாவிட்டால் போகட்டும், எதற்குப் போஸ்டரைக் கிழிக்கிறீர்கள் என்று எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டேன்.

மாமா குரலை உயர்த்தவில்லை. "எனக்குக் கிழிக்கணும்னா பகல்ல, நீ பாக்கவே கிழிப்பேன் புள்ளே. ஒளிஞ்சு செய்ய எனக்கு ஏலாது" என்றார். தவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் ஜெயித்துவிட்டுத் திரும்புகிறவள் மாதிரி வந்து சித்தியிடம் சொன்னேன். சித்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார், அவர் கிழித்ததை நான் பார்த்தேனா என்று. பார்க்கவில்லை என்றேன். அன்று மாலையே மூன்றாவது முறை ஒட்டினோம். காலை ஐந்து மணிக்குக் கிளம்பிவா என்றார்.

எங்கள் ஊரில் ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. படியேறிப் போய்ப் பார்த்தால் சுவர் முழுக்க நத்தைகள். உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொன்றும். பதினைந்து இருபது இருக்கும். அவசரமே இல்லாமல் போஸ்டரைத் தின்றுகொண்டிருந்தன. பசையை நான் தாராளமாகப் பூசியிருந்த கீழ்ப்பாதியைத்தான் முதலில் காலி செய்திருந்தன. சித்தி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் இருந்தது.

எதிர் ஜன்னலிலிருந்து குரல் வந்தது. ராசம்மா அத்தை. படுக்கையை ஜன்னலோரமாகப் போட்டிருந்தார்கள்.

"தெனமும் பாக்குறேன். மொதல்ல வாளியத்தான் திங்குதுக" என்றார். "எனக்கு அது கொஞ்சம் சந்தோசமாத்தான் இருந்திச்சு."

வாளி தூக்கி விழுந்தவரின் கண்ணெதிரே ஆறு வாளிகளை வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. உங்களுக்கு முதலிலேயே தோன்றியிருக்கும். ஊரின் குறையெல்லாம் தெரிந்த எனக்குத் தோன்றவில்லை. சித்தி ஜன்னலுக்குப் பக்கத்தில் போனார்.

"மதினி, கொழாய எறக்குனது நாந்தேன். திருப்பி ஏத்தத்தேன் நிக்கிறேன்."

அத்தை நத்தைகளை ஒரு முறை பார்த்தார். பிறகு, "ஏத்திட்டு வந்து சொல்லு" என்றார்.

எந்த இடத்தில் பழி சொன்னேனோ அதே இடத்தில், அதே கூட்டம் இருக்கும்போது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சித்தி சொல்லிவிட்டார். தவிடு வாங்க மாமா வரும்வரை இரண்டு நாள் காத்திருந்து, எல்லோருக்கும் புரியும்படி இந்தியில் சொன்னேன். "கல்தி மேரா ஹை, மாமா." தப்பு என்னுடையது என்று சொல்ல மூன்று வார்த்தைதான். மாமா அதைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. துத்தம் கலந்திருந்தால் நத்தை வந்திருக்காதே, ஏன் கலக்கவில்லை என்று மட்டும் கேட்டார். உங்கள் ஆடுகள் தின்றுவிடும் என்று சித்தி வேண்டாம் என்றார் என்றேன். அவர் தவிட்டை வாங்காமலே திரும்பிப் போனார்.

அன்று மாலை நான்காவது முறையாக ஒட்டினோம். இந்த முறை சித்தி போஸ்டரின் கீழ்ப்பாதியைக் கத்தரித்துவிட்டு, வாளி இல்லாமல் பெயரையும் முகத்தையும் மட்டும் ஒட்டச் சொன்னார். சின்னம் இல்லாத போஸ்டரால் என்ன பிரயோஜனம் என்று நான் சண்டை போட்டேன். மற்ற இடத்தில் சின்னம் இருக்கிறது, இங்கே நான் இருந்தால் போதும் என்றார். காலையில் போய்ப் பார்த்தோம். ஆறும் அப்படியே இருந்தன. சுவரின் அடியில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, நாலு விரல் அகலத்துக்குச் சுண்ணாம்புத் தூள் கொட்டியிருந்தது. ரப்பர் நாற்றங்காலில் நத்தை ஏறாமலிருக்க அப்படித்தான் போடுவார்களாம். மழை பெய்தால் சுண்ணாம்பு கரைந்துவிடும். அது செப்டம்பர், தினமும் பெய்தது. பிரச்சாரம் முடிகிறவரை கச்சல் மாமா தினமும் காலையில் எழுந்து வந்து புதிதாகக் கோடு போட்டார். சித்தி நன்றி சொல்லப் போனபோது, "ஓட்டு வேற, இது வேற. நீ போய் வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார். தன் வீட்டுச் சுவரைக் கடைசிவரை கொடுக்கவே இல்லை.

சித்தி தோற்றுப்போனார். ஓட்டு எண்ணிய மறுநாள் மாமா நாற்பது படி இறங்கி முதல்முறையாகத் தையல் கடைக்கு வந்தார்.

"ஒனக்குப் போடல தனம். அடுத்தவன் சொல்லி நீ கேக்கக் கூடாதுன்னுதான் நானே வந்தேன்."

"தெரியும்ணே. ஒக்காருங்க, டீ சொல்றேன்" என்றார் சித்தி.

அடுத்த வாரமே சித்தி என்னை மறுபடி மனு டைப் அடிக்க உட்காரவைத்தார். இம்முறை பதினோரு வீட்டையும் பெயர் பெயராக எழுதினேன். மாமா வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு முதல் கையெழுத்துப் போட்டார். ஜெயித்த அம்மாவிடம் சித்தியே மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆறு தடவை நடந்தார். வெட்கப்பட ஒன்றும் இல்லை, குழாய் ஏறினால் சரி என்பார். ஒரு வருடம் ஆனது. ஒரு நாள் காலை கீழ் லைன் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. எல்லோரும் முணுமுணுத்தபோது சித்தி மட்டும் பாதி நிரம்பிய குடத்தை அப்படியே வைத்துவிட்டு, மேலே தண்ணீர் ஏறிவிட்டது என்று அத்தையிடம் சொல்வதற்குப் படியேறிப் போனார்.

இப்போது வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. கச்சல் மாமாவும் அத்தையும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். போன தேர்தலில் அந்தச் சுவரில் ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கியது. நாலு ஆணி, இருபது முகம், நத்தை தின்னமுடியாத பிளாஸ்டிக். யாரைக் கேட்டுக் கட்டினார்கள் என்று நர்ஸுக்கே தெரியவில்லை. என் செல்போனுக்கு எல்லா வேட்பாளரும் வருகிறார்கள். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் எல்லோருக்கும் கைகூப்புகிறார்கள். யார் யாருக்கு எதிர் என்று கேட்டால் சிரித்து மழுப்புகிறார்கள்.

மறுபடி நிற்கச் சொல்லி நாங்கள் சித்தியைக் கேட்காமல் இல்லை. வார்டு மறுபடி பெண்கள் வார்டானபோது நானே படிவம் வாங்கிக்கொண்டு போனேன். சித்தி மெஷினை நிறுத்தவில்லை.

"யாருகிட்டடி போய் நிக்க? ஒனக்குப் போடமாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல, மேட்டு லைன் அண்ணனும் இல்லையே" என்றார்.

படிவத்தை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன்.