கண்ணாடிக் குச்சி

எழுபதுகளின் கடைசியில் எனக்கு மகள் பிறந்தபோது மீன்சுருட்டியில் ஆசிரியராக இருந்தேன். கிரைப் வாட்டர், பஞ்சு, காய்ச்சல் மருந்து என்று அரியலூரில் வாங்கிவந்து சுவரலமாரியை நிரப்பினேன். அதில் எனக்குப் பெருமை தெர்மாமீட்டர்தான். வருகிறவர்களுக்கெல்லாம் உறையிலிருந்து எடுத்துக் காட்டுவேன்.

எங்கள் முந்திரிக்கொல்லையில் வேலை செய்த பாக்கியமும் அதைப் பார்த்திருந்தாள். ஒரு நாள் காலை, கைக்குழந்தையோடு வந்து வாசலிலேயே நின்றாள்.

“புள்ளைக்கு ஒடம்பு அனலா கொதிக்குதுங்க சார். அந்தக் கண்ணாடிக் குச்சிய வச்சுப் பாத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணுமான்னு சொல்லுங்க.”

அவள் பிள்ளையின் அக்குளில் வைத்ததை என் மகளுக்கு எப்படி வைப்பது? கழுவினால் போதும் என்று தெரியாதவனா நான்? பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் நடத்துகிறவன்.

“அது உடைஞ்சு போச்சு பாக்கியம். சாதாக் காய்ச்சல்தான், சரியாயிடும் போ” என்றேன்.

வாத்தியார் சொல்லிவிட்டாரே என்று, பிள்ளையை முந்திரி மரத்துத் தூளியில் போட்டுவிட்டு அவள் வேலைக்குப் போனாள். மறுநாள் ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பஸ்ஸிலேயே பிள்ளை இறந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்தவள், எட்ட நின்று என் மகளைப் பார்த்தாள்.

“குச்சி வேற வாங்கிட்டீங்களா சார்? பச்சப்புள்ள இருக்குற வூடு. அது இல்லாம இருக்கக்கூடாதுங்க.”

“வாங்கிட்டேன்” என்றேன்.

இப்போது என் பேரனுக்கும் அதைத்தான் வைத்துப் பார்க்கிறார்கள். எத்தனையோ முறை கைதவறி விழுந்தும் அது உடைந்து தொலையவில்லை.