நோன்பாளியின் விரல்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. மீன்காரர் சொந்தக்காரராக இருந்தாலும் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை வெளியேற்றியபோது, இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சிறுமியாக இருந்த நான் அதை நம்பினேன். திரும்ப முடியவில்லை. இந்தக் கற்பிட்டிப் பக்கத்திலேயே கலியாணம் முடித்து ஒரு மகனையும் பெற்றேன், அவனும் வளர்ந்து கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். மனிதர் வாயால் சொல்வதில் அரைவாசியைத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

இரத்தத்தில் சீனி பார்க்கும் மெசின் ஒன்றை மகன் அனுப்பியதும் அதை எனக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. அதற்கு முகத்தாட்சணியம் கிடையாது, கதை அளக்கவும் தெரியாது. என் கணவருக்குச் சீனி வருத்தம். நோன்பு பிடிப்பதானால் காலையிலும் நோன்பு திறக்க முன்பும் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். விரலைக் குத்தினால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசலிலும் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

காலையில் பார்த்தால் எல்லாம் சரி. பின்னேரம் பார்த்தால் சீனி எகிறி நின்றது. ஒரு நாள் என்றால் விட்டிருப்பேன், அடுத்தடுத்த நாளும் அப்படியே வந்தது. விடியலிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காதவருக்குச் சீனி எப்படி ஏறும்?

பின்னேரம் அஸர் தொழப் போனால், நோன்பு திறக்கும் மஃரிபுக்குச் சற்று முன்னர்தான் கஞ்சி வாளியோடு வருவார். சந்தியில் ஒரு சாப்பாட்டுக் கடை, நோன்பு காலத்தில் திரை கட்டி வியாபாரம் செய்யும். அந்தத் திரை என் கண்ணுக்குள்ளேயே நின்றது. அவருடைய சேர்ட்டைத் தோய்க்க முன் மணந்து பார்த்தேன். பையிலிருந்த, கை துடைக்கும் லேஞ்சி பிசுபிசுத்தது, இனிப்பு மணமும் அடித்தது. அதைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது ஒரு சாட்டுச் சொல்வார்.

"எங்க போய் என்ன திண்டீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"என்ன புள்ள கதைக்கிற? நோன்பில நான் களவு செய்வனா?"

"மெசின் பொய் சொல்லாது. மனிசர்தான் சொல்லுவாங்க."

அவர் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். அதையும் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டேன். மகனுக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். அவன் தகப்பனைக் கூப்பிட்டு, "ஏலாட்டி நோன்ப விட்டிருங்க வாப்பா. ஒளிச்சுத் தின்ன வேணாம்" என்றான். அவர் போனை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. விடியமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பமாட்டேன் என்றும் சொன்னேன். தானே எழும்பி, மிஞ்சிக் கிடந்த பாணைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டு அவர் நோன்பு பிடித்தார்.

அன்று அஸருக்குப் பிறகு பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றோடு வீட்டுக்கு வந்தார். பள்ளியில் நோன்பு திறக்க வருபவர்களுக்குக் கொட்டை எடுத்து வைப்பது இந்த வருடம் தன் பொறுப்பு, இன்றைக்கு ஆள் இல்லை, நீயும் கை கொடு என்றார். எவ்வளவு கோபம் இருந்தாலும் பள்ளி வேலையை மறுக்க முடியுமா? இருவரும் பழங்களைக் கீறிக் கொட்டை எடுத்தோம். முடிந்ததும் மெசினை எடுத்தேன்.

"அதில ஏதும் பிழை இருக்குமோ?" என்றார் மெதுவாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிழையா? இந்தா, பாருங்க" என்று கையை முந்தானையில் துடைத்துவிட்டு என் விரலையே குத்தினேன். எனக்குச் சீனி வருத்தம் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு நாளும் வராத அளவுக்குப் பெரிய இலக்கம் வந்து நின்றது.

நான் ஒன்றும் தின்னவில்லை என்று எனக்குத் தெரியும். அதை எதைக் கொண்டு நிரூபிப்பது? நீ என்ன தின்றாய் என்று இப்போது அவர் கேட்பார் எனக் காத்திருந்தேன். அவர் இலக்கத்தைப் பார்த்தார், என் விரலைப் பிடித்து அதன் பிசுபிசுப்பைத் தடவினார்.

"கைய நல்லாக் கழுவிப்போட்டுத் திரும்பக் குத்து" என்றார்.

சவர்க்காரம் போட்டுக் கழுவிக் குத்தினேன், சரியாக இருந்தது. அவரும் கழுவிவிட்டு வந்தார், அவருக்கும் சரியாக இருந்தது. மெசின் ஒரு நாளும் பிழை விடவில்லை. விரலில் ஒட்டியிருந்த பழத்தின் சீனியைத்தான் அது உள்ளபடி சொல்லியிருக்கிறது. களவு என்று சொன்னது நான்.

வெட்கத்தில் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அவ்வளவு வந்ததப் பாத்தும் நீங்க என்னை ஒண்டும் கேக்கல்லயே?" என்றேன்.

அவர் பழப்பெட்டியை மூடினார்.

"உன்ட நோன்ப நான் ஏன் மெசினிட்டக் கேக்கணும்?"