ஆடிச் சுற்றில் அம்மாள் காத்த மானம்

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. பெண்கள் மட்டும் கூடுகிற இடத்தில்கூட வாய்விட்டுப் பேசுகிற விஷயம் இல்லை. ஆனால் எங்கள் ஊர்க் கோயிலில் இருக்கிற கோமதி அம்மாள் எனக்குச் செய்ததை மூடி வைத்தால் அது நன்றி கெட்டதனம். ஆண்கள் யாராவது வாசித்தால் வாசித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்களே.

வெள்ளைக்காரன் போன மறு வருஷம் அது. என் மகள் பிறந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஒருநாள் சிறுநீர் போகும்போது சுரீர் என்று எரிந்தது. உடம்புச் சூடாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு போன கையோடு மறுபடியும் வருகிற மாதிரி முட்டும். போய் உட்கார்ந்தால் நாலு சொட்டு. அதுவும் மிளகாய்ப்பொடி போட்ட மாதிரி எரியும். பெரியவர்கள் இதை நீர்க்கடுப்பு என்பார்கள். கொஞ்ச நாளில் இருமினால், தும்மினால், குழந்தையைத் தூக்கினால்கூட சேலை நனைய ஆரம்பித்தது.

அப்போது எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. விடியுமுன் பெண்களாகச் சேர்ந்து ஊருக்கு வெளியே உடைமரக் காட்டுக்குப் போவோம். அப்புறம் பொழுது சாய்ந்த பிறகுதான். நடுவில் வந்தால் அடக்கத்தான் வேண்டும். எனக்கோ அடக்க முடியவில்லை. அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். உள்ளே போனால்தானே வெளியே வரும்! நாக்கு வறண்டால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுவேன். பால் குடிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு அப்படி இருந்தேன்.

கடுப்பு குறையவில்லை. கூடியது. சிறுநீர் சிவந்து வந்தது. உள்ளே என்ன அழுகுகிறதோ, எந்த நிமிஷம் சாவேனோ, பிள்ளை யார் கையில் வளருமோ என்று ராப்பகலாக அதே நினைப்பு. யார் வீட்டுக்குப் போனாலும் ஒதுங்க மறைவு இருக்கிறதா என்றுதான் முதலில் கண் தேடும். என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. அவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

என் அத்தை, அதாவது மாமியார், கண்டுபிடித்துவிட்டாள்.

“ஏட்டி, என்னட்டி இது? சும்மா சும்மா கொல்லைப்பக்கம் ஓடுதே. சேலையில வாடை வருது. சாமி இருக்க வீட்டுல இப்படி இருக்கலாமாட்டி?”

நான் அழுதேன். அவள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று முதல் பூஜை அறைப் பக்கம் போகக் கூடாது, அடுப்படியிலும் நுழையக் கூடாது. மாதத்தில் மூன்று நாள் ஒதுங்கியிருப்பது எல்லாப் பெண்ணுக்கும் உள்ளது. எனக்கு மாதம் முழுக்க அப்படி ஆயிற்று. ஆனாலும் அம்மாள் கோயிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண் வாங்கிவந்து என் நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகை வாயில் போட்டதும் அவள்தான். “ஆடித் தபசுத் திருநாளுக்குள்ள ஒனக்குச் சொகமாயிரணும்னு அம்மாளுக்கு நேந்திருக்கேன். நீ ஆடிச் சுற்று சுத்தணும். அதுக்கும் கேக்கலேன்னா ஒங்க அம்மை வீட்டுல கொண்டுபோய் விட்டுருவேன், பாத்துக்கோ” என்றாள். விட்டால் திரும்பி அழைக்க யார் வருவார்கள்? அந்தப் பயம் நோயைவிடப் பெரிதாக இருந்தது.

ஆடிச் சுற்று எப்படி என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். தபசுக்குக் கொடியேறியதும், நேர்ந்த எண்ணிக்கை முடிகிறவரை கோயில் பிராகாரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒதுங்க முடியாது. கோயிலுக்குள் சேலை நனைந்துவிட்டால்? அந்தப் பயத்தில் முந்தின நாளிலிருந்தே ஒரு மடக்குத் தண்ணீர்கூட நான் தொடவில்லை.

கூட்டமென்றால் அப்படிக் கூட்டம். அத்தை கொஞ்சம் முன்னால் போகிறாள். எனக்குக் காய்ச்சல் குளிர் வந்துவிட்டது. பல் கிட்டுகிறது. அடிவயிற்றில் கத்தி வைத்த மாதிரி வலி. நாலைந்து சுற்றுதான் ஆகியிருக்கும், இனி அடக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. வெளியே ஓடலாமென்றால் கூட்டம் விடாது. அம்மாள் சந்நிதி இருக்கிற பக்கம் திரும்பி மனசுக்குள் கதறினேன். ‘அம்மா, என் உயிரை வேண்டுமானால் எடுத்துக்கொள். இத்தனை பேர் நடுவில் என்னை அவமானப்படுத்திவிடாதே. உன் இடத்தை நான் அசுத்தம் பண்ணினேன் என்று பேர் வாங்கவைத்துவிடாதே.’

கதறி முடிக்கவில்லை, சேலை நனைந்துவிட்டது. காலடியில் ஈரம் பரவியது. அப்படியே கல்லாய் நின்றேன்.

அந்த நேரம் பின்னாலிருந்து சளாரென்று என் மேல் தண்ணீர் கொட்டியது. இடுப்பிலிருந்து பாதம்வரை நனைந்துவிட்டேன்.

“அய்யய்யோ! பாவி மக்கா, செம்புத் தண்ணியப் பூராம் இந்தத் தாயி மேல கவுத்திட்டேனே! என் கையில கொள்ளி வைக்க!”

ஒரு பெண் ஊருக்கே கேட்கும்படி கத்துகிறாள். சுற்றி நின்றவர்கள் அவளைத் திட்டினார்கள். “பாத்து வரப்படாதாட்டி?” என்று ஒரு கிழவர் எரிந்து விழுந்தார். என்னை ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. அவள் என் கையைப் பிடித்துத் தூண் ஓரமாக இழுத்துக்கொண்டு போய்க் காதோடு சொன்னாள்: “பயப்படாத. நான் பாத்துட்டுத்தான் ஊத்துனேன். எனக்கும் இந்தச் சீக்கு இருந்துச்சு.”

நான் அவள் தோளில் விழுந்து அழுதேன். வேலம்மாள் என்று பேர். பக்கத்து ஊரான பனவடலிசத்திரத்தில் வயல் வேலை பார்க்கிற குடும்பம். அத்தை பதறிக்கொண்டு திரும்பி வந்தபோது வேலம்மாள் ஒளிக்கவில்லை. “ஒங்க மருமகளுக்கு ஒடம்பு கொதிக்கி. அம்மாள் கோவிச்சுக்கிட மாட்டா, பாக்கிச் சுத்த நான் சேத்துச் சுத்துதேன். இவள லேடி டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. எனக்கு மாத்திர குடுத்துத்தான் கேட்டுச்சு” என்றாள். அத்தை என் கையைப் பிடித்து நேரே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

மறுநாள் காலையில் “கெளம்புட்டி” என்றாள். அம்மை வீட்டுக்கு என்றுதான் நினைத்தேன். பிள்ளையை அணைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது.

டாக்டரம்மா விசாரித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்கள். “தண்ணி குடிக்காம, வந்ததையும் அடக்கி வச்சா உள்ள புண்ணாகாம என்னம்மா செய்யும்? நல்லாத் தண்ணி குடி. இந்த மாத்திரைய நடுவுல விட்டுறாத. குணமாயிரும்” என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவே இல்லை. மருந்துச் சீட்டோடு எழுந்தேன். அத்தை எழவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள். அப்புறம் தலையைக் குனிந்தபடி டாக்டரம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

“எனக்கும் அப்படித்தாம்மா. இவ புருசன் பொறந்ததுலேருந்து இருக்கு. பொம்பளைன்னா இப்படித்தான் இருக்கும்னு இருந்துட்டேன்.”

அன்று இரண்டு பேரும் மருந்து வாங்கிக்கொண்டு வந்தோம். காய்ச்சல் விட்டது, எரிச்சல் போனது, நான் பிழைத்தேன். அத்தைக்கு முழுதும் தீரவில்லை, ஆனாலும் நிம்மதியாகத் தூங்கினாள். கொல்லையில் ஓலைத் தட்டி அடைத்து மறைவு கட்டச் சொல்லி மகனிடம் சண்டை போட்டதும் அவள்தான்.

தாய்மார்களே, அம்மாளிடம் மனசைத் திறந்து அழுங்கள். அவள் கைவிடமாட்டாள். அழுது முடித்ததும் பக்கத்தில் இருக்கிற பெண்ணிடமும் வாயைத் திறந்து சொல்லுங்கள். அத்தையும் நானும் ஒரே வீட்டில், ஒரே நோயை ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் வைத்துக்கொண்டு செத்துக்கொண்டிருந்தோம்.