கிழியாத அட்டை

அன்பான விசுவாசிகளே, போன வருடம் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு நம் சபை மேடையில் ஏறி, "எனக்குப் பூரண சுகம் கிடைத்துவிட்டது" என்று சாட்சி சொன்னவள் நான். அந்தச் சாட்சியைத் திருத்திச் சொல்லத்தான் இன்று எழுதுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் ஸ்டெல்லா. மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் ரூம் சுத்தம் செய்கிற வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் காரணமே இல்லாமல் உடம்பு கருக்க ஆரம்பித்தது. ஈறு கருப்பு, உள்ளங்கை ரேகையும் கருப்பு. ஒரு பெட்ஷீட் மாற்றினால் மூச்சு வாங்கும். கல் உப்பை எடுத்து வாயில் போட்டுச் சப்புவேன். யாரோ செய்வினை என்றார்கள். யாரோ கடற்கரை வெயில் என்றார்கள். எதை நம்புவது என்றே தெரியாமல் அழுதேன்.

கடைசியில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா கண்டுபிடித்தார். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் இரண்டும் ஹார்மோன் சுரப்பதை நிறுத்திவிட்டனவாம். அதை மாத்திரையாக ஆயுசுக்கும் போடவேண்டும், ஒரு நாளும் விடக்கூடாது என்றார். நான் மயங்கி விழுந்தால் என்ன ஊசி போடவேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதியும் கொடுத்தார்.

மாத்திரையில் உடம்பு தேறியது. தேறியதும் புத்தி கெட்டது. ஏணியை எட்டி உதைத்த கதைதான். சுகமானவளுக்கு மாத்திரை எதற்கு, அது அவிசுவாசம் ஆகாதா என்று நானாகவே நிறுத்தினேன். பாஸ்டர் அப்படிச் சொல்லவே இல்லை. அன்று மேடையில் எல்லாரும் கைதட்ட, அந்த அட்டையைக் கிழிக்கப் போனேன். கிழியவில்லை! என் வீட்டுக்காரர் முருகன் ஒரு லேமினேஷன் பைத்தியம். கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் கொண்டுபோய் பிளாஸ்டிக் போட்டுவிடுவார். பல்லால் கடித்தும் பார்த்தேன். சபையே சிரித்தது. அட்டையை பைபிளுக்குள் சொருகிக்கொண்டு இறங்கினேன்.

புதன்கிழமை வாந்தி தொடங்கியது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனேன். "ஆண்டவரே, மாத்திரை வேண்டுமா, வேண்டாமா? எனக்குப் புரியவில்லை. நீரே காட்டும்" என்று முழங்காலில் நின்று கேட்டது நினைவிருக்கிறது. அப்படியே சாய்ந்துவிட்டேன்.

மீதியை நம் சபை ஜெசிந்தா அக்கா சொல்லித்தான் தெரியும். எல்லாரும் என்னைச் சுற்றி நின்று ஜெபிக்க, அவர் சங்கீதம் வாசிக்க என் பைபிளைத் திறந்தாராம். அட்டை அவர் மடியில் விழுந்ததாம். படித்துவிட்டு, "ஜெபத்த ஆட்டோல வச்சிக்கலாம், மொதல்ல இவள தூக்குங்கடி" என்று கத்தினாராம். போன் போனதும், ஷேர் ஆட்டோ ஓட்டும் முருகன் வண்டியில் இருந்தவர்களை இறக்கிவிட்டு விரைந்து வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் அட்டையைப் பார்த்ததும் டாக்டர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஊசி போட்டு, சலைன் ஏற்றினார்கள்.

கண் விழித்தபோது முருகன் எதிரில் இருந்தார். அவர் சபைக்கு வருகிறவர் அல்ல.

"இன்னாமே, உங்க ஆண்டவர் இன்னா சொன்னாரு?"

"மாத்திர போடச் சொன்னாரு."

"அத்தத்தானே நானும் டெய்லி சொல்லிகினு கீறேன்" என்று சொல்லி அழுதார்.

ஆண்டவரிடம் சுகத்தைக் கேட்டேன், அவர் ஒரு அட்டையைக் கொண்டு என்னைக் காப்பாற்றினார். ஏன் இப்படி? ஜெபிக்காத ஒருவர் போட்ட பிளாஸ்டிக்தான் என் ஜெபத்துக்குப் பதிலா? இன்றுவரை முழுசாகப் புரியவில்லை. போன மாதம், சுரப்பி ஏன் இப்படி வற்றிப்போகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் என்னிடம் ரத்தம் கேட்டார்கள். "எங்களுக்கே இன்னும் எல்லாம் தெரியலம்மா, தேடிட்டுதான் இருக்கோம்" என்றார்கள். என்னைப் போலவே குழம்புகிறவர்கள் என்று சந்தோஷமாகக் கையை நீட்டினேன்.

இப்போது தினமும் காலையில் ஜெபித்துவிட்டு மாத்திரை போடுகிறேன். சில நாள் அவசரத்தில் மாத்திரையைப் போட்டுவிட்டு ஜெபிப்பேன். உங்களில் யாராவது ரகசியமாக மாத்திரையை நிறுத்தியிருந்தால், இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ஆண்டவரை நம்பியே போய்ப் பாருங்கள், கைவிடமாட்டார். அந்த அட்டை இன்னமும் என் பைபிளில் இருக்கிறது. ஓரத்தில் என் பல் பதிந்த தடம் இருக்கும். கேட்டால் காட்டுகிறேன்.